மனசு வாடினால் எதைப் பார்க்க வேண்டும்?

ஆலங்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் தென்னையைப் பற்றியது. கஜா புயலில் தப்பி நின்ற மரங்களில் நாலைந்துக்கு அடிமட்டை மஞ்சளாகித் தொங்குகிறது, தூரில் செம்பழுப்பாக நீர் கசிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது. வீட்டுக்காரர் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. விடியக் கருக்கலில் மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். தோப்புப் பக்கம் போவதில்லை, மல்லிகை பறிக்க ஆள் வந்தாலும் பேசுவதில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஊரில் சிலர் செய்வினை என்கிறார்கள், அப்படி இருக்குமா?

தென்னைக்குப் பதில் சுருக்கமானது. சொல்லியிருக்கும் அறிகுறிகள் தஞ்சாவூர் வாடல் நோயைக் காட்டுகின்றன. 1952-ல் தஞ்சாவூர்ப் பக்கம் புயலுக்குப் பிறகு தெரியவந்ததால் அந்தப் பெயர். வேரும் தூர் மண்ணும் எடுத்துக்கொண்டு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் உறுதி செய்துகொள்ளவும். அதுவரை அந்த மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயாமல் பார்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த முறை இடம் வேண்டும். செய்வினை இல்லை. சொல்லியிருக்கும் குறிகள் மனச்சோர்வு நோயைப் போல இருக்கின்றன. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் அப்பா நட்ட தென்னையும் தாத்தா நட்ட பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. அன்று அழாத வீடு இல்லை. அது நோய் அல்ல, துக்கம். துக்கப்படுகிறவர் பேரன் வந்தால் சிரிப்பார், பசித்தால் சாப்பிடுவார், நாலு பேர் மரம் அறுக்க வந்தால் கூடப்போய் நிற்பார். மனச்சோர்வு நோய் வந்தவருக்கு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. காலையில் கனமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தேவலை போலிருக்கும். சாப்பாடு மண்ணாகத் தெரியும், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிடுவார். "என்னால்தான் எல்லாம் கெட்டது" என்ற பேச்சு வரும். இவற்றில் பல, தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வேலையும் நின்றுபோனால் டாக்டர்கள் அதை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடிதம் எழுதிய அம்மா மூன்று மாதம் என்கிறார்.

நம் ஊர் ஆண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். நெஞ்சு படபடப்பு, தலையில் பாரம், வயிற்றில் எரிச்சல், கைகால் குடைச்சல் என்றுதான் சொல்வார்கள். சிலருக்கு இது கோபமாக வரும், சிலருக்குக் குடியாக வரும். அதனால்தான் ஸ்கேனும் ஈசிஜியும் எடுத்துக் காசு கரைகிறது. அதற்காக ரத்தப் பரிசோதனை வீண் என்று நினைக்கக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மனநல டாக்டரும் மருந்து எழுதுவார்.

மற்ற நோய்களின் முகம் வேறு. திடீரென்று நெஞ்சு அடைத்து, வியர்த்து, செத்துவிடுவோம் என்ற பயம் வந்து அரைமணி நேரத்தில் அடங்கினால், முதல் தடவை இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அது சரியாக இருந்து மறுபடி மறுபடி வந்தால் பீதி நோயாக இருக்கலாம். ஆனால் மருந்தடித்த அன்றே வியர்வையோடு வாயில் எச்சில் ஊறி, கண்பாவை சுருங்கி, பார்வை மங்கினால் அது பயம் அல்ல, பூச்சிமருந்து விஷம். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சோர்வுக்கு நேர் எதிரான நோயும் உண்டு. ஒரு வாரமாக இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு சுறுசுறுப்பாகத் திரிவது, ஓயாத பேச்சு, கையில் காசில்லாமல் டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பது. வீட்டில் முதலில் சந்தோஷப்படுவார்கள், பத்திரம் அடகுக்குப் போன பிறகுதான் விழிப்பார்கள். இதே ஆள் போன வருஷம் மூன்று மாதம் முடங்கிக் கிடந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்து, அது மறுபக்கம் தூக்கிவிட்டுவிடும்.

யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, பக்கத்துக் கொல்லைக்காரன் கிணற்றில் விஷம் வைத்துவிட்டான் என்று அசைக்க முடியாமல் நம்புவது, குளிக்காமல் ஒதுங்கிப்போவது, இவை மனச்சிதைவின் அடையாளம். பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கும். எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பிரசவமான சில நாளில் தாய் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால் அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சி புழுவைப் பார்த்தாலும் அவசரம்தான். அதைப் பேய் என்று கட்டிப்போட்டு உயிர்போன வீடுகள் உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால் காய்ச்சலோ, ரத்தத்தில் உப்புக் குறைவோ, சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். மறதி நோய் ஒரே நாளில் வருவதில்லை.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. எந்த மாதம் தொடங்கியது, முன்பு எப்படி இருந்தார், எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன வேலையை நிறுத்தினார், குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார். "மூணு மாசமா ஒரு மாதிரி இருக்காரு" என்பதைவிட "கார்த்திகையிலிருந்து தோப்புக்குப் போகவில்லை" என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். ஒரு காலத்தில் மனநல டாக்டர் என்றால் கீழ்ப்பாக்கம்தான். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-ல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கே ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர் பேசுவார், மருந்தைப் பேருந்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வீடு தேடி வந்தால் கிராமத்து மக்கள் மருந்து சாப்பிடுவார்கள் என்பதை அது காட்டியது. இன்று புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறது என்று ஆலங்குடி அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். 14416-க்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ போவதில் தவறில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் உயிர்விட்டார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதிப் பராமரிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். போலீஸ் கேஸுக்குப் பயந்து யாரையும் வீட்டுக்குள் மறைத்து வைக்க வேண்டியதில்லை.

சோர்வு மாத்திரை வேலைசெய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். இதற்கு அடிமையாவோம் என்ற பயம் தேவையில்லை. சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கும் தூக்க மாத்திரைக்குத்தான் அந்த ஆபத்து. முதல் சில வாரம் தூக்கக் கலக்கம் இருந்தால் மரம் ஏறுவது, டிராக்டர் ஓட்டுவது, மோட்டார் ஸ்டார்ட்டரில் கைவைப்பது வேண்டாம். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் சித்திரை வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்புவலிக்குத் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது. கை நடுங்கி வயிற்றுப்போக்கு வந்து நடை தள்ளாடினால் உடனே டாக்டர்.

இந்த அம்மா இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் சினேகா அமைப்பு ஊருக்குப் பொதுவாகப் பூட்டுள்ள பெட்டிகள் வைத்து, விவசாயிகள் மருந்தை அங்கேயே பூட்டிவைக்க ஏற்பாடு செய்தது. அந்த ஊர்களில் விஷம் குடிப்பது குறைந்தது. மிக மோசமான அந்தச் சிறிது நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். பெட்டி இல்லாத ஊரில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் பூட்டிவைத்து, சாவியை அவரிடமே கொடுத்துவிடலாம்.

"உயிரோட இருந்து என்னன்னு தோணுதா?" என்று கணவரிடம் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது, இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வரமாட்டேன் என்றால் மச்சானோ மாமாவோ, அவர் தட்டமுடியாத ஒருவரை வைத்துப் பேசச் சொல்லலாம். அதுவரை 14416-க்கு அம்மாவே பேசலாம், நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை. தென்னை வேரை எடுத்துக்கொண்டு வம்பனுக்குப் போவது அடுத்த வாரம்கூட இருக்கட்டும்.