சுவரில் எழுதியதும் ஏட்டில் ஏறியதும்



உங்கள் வீட்டுக் குசினிக் கதவின் பின்புறத்தை ஒரு தடவை பாருங்கள். பால் கணக்கோ, சீட்டுக் காசு கொடுத்த திகதியோ கரிக்கட்டியால் கோடு கோடாகக் கீறப்பட்டிருக்கும். முன்னறைச் சுவரில் சின்ன மகன் சோக்கட்டியால் வரைந்த கப்பல் ஒன்றும் இருக்கும். பெருநாளைக்கு வெள்ளையடிக்கும்போது இரண்டும் சேர்ந்து மறைந்துவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

வீட்டுச் சுவருக்கு நடப்பதுதான் தெருச் சுவருக்கும், கோட்டை வாசலுக்கும், மலைப் பாறைக்கும் நடக்கிறது. எழுதுகிறார்கள், மழை கழுவுகிறது, அடுத்தவர் வந்து அதன் மேல் எழுதுகிறார். அப்படியானால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சுவர் எழுத்து நமக்கு எப்படிக் கிடைத்தது? யாரோ ஒருவர் நின்று, பார்த்து, பிரதி பண்ணி வைத்தார். இந்த மாதம் அப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தில் வசிப்பவர்களுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டை வாசல் கல்லில் இரண்டு மீன் உருவங்களும் சில தமிழ் எழுத்துக்களும் இருக்கின்றன. 1622ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தார். அந்தக் கற்களைக் கொண்டே பின்னர் கோட்டை எழுந்தது. பறங்கியர் வந்து இதை உடைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் வாசகம் அந்தக் கல்லில் இருந்ததாக இந்து சகோதரர்கள் சொல்வார்கள். இன்றைக்குக் கல்லைப் பார்த்தால் அரைகுறை எழுத்துத்தான். ஆனால் அப்படியொரு வாசகம் உண்டென்ற செய்தியைக் கெய்றோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் பதினேழாம் நூற்றாண்டிலேயே தம் இலங்கை வரலாற்றில் எழுதிவைத்தார். இடித்தவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் அதையும் பதிவு செய்தார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே மலையின் உச்சியில், கடலைப் பார்த்த இடத்தில், பழைய கோயில் தூண் ஒன்றில் ஒல்லாந்து மொழியில் ஒரு பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரன்சினா வான் றேட என்பது அவளுடைய பெயர். காதலன் கப்பலேறிப் போய்விட்டான், அவள் பாறையிலிருந்து குதித்து உயிரை விட்டாள் என்று சுற்றுலா வருபவர்களுக்குக் கதை சொல்வார்கள். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்களோ, அந்தப் பெண் அதற்குப் பிறகும் வாழ்ந்தாள், திருமணமும் செய்தாள் என்று கண்டார்கள். பார்த்தீர்களா? கல்லில் இருந்தது ஒரு பெயரும் ஒரு திகதியும். மிச்சத்தை ஊர் வாய் கட்டியது. ஒரு பெண்ணைப் பற்றி ஊர் வாய் கட்டும் கதை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் மீது விழுந்த கதையை நீக்கியது ஏட்டுப் பதிவுதான்.

திருமலையிலிருந்து ஹபரணைப் பாதையால் போனால் அரை நாளில் சீகிரியாவுக்குப் போய் வந்துவிடலாம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் உங்கள் பிள்ளைகள் போயிருப்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கட்டிய அந்தக் கோட்டையில், கண்ணாடிபோல் மினுக்கிய ஒரு நீண்ட சுவர் இருக்கிறது. மன்னன் போன பிறகு பல நூற்றாண்டுகளாக அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவரில் கவிதை கீறினார்கள். மேலே பாறையில் தீட்டியிருந்த பெண்களின் ஓவியத்தைப் பார்த்து வியந்தவர்களும், ஏசியவர்களும் உண்டு. எழுதியவர்களில் பிக்குமார், படைவீரர், உத்தியோகத்தர் எல்லோரும் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள்! ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னே இந்த நாட்டுப் பெண்ணொருத்தி மலையேறி வந்து தன் மனதில் பட்டதைத் தன் பெயரோடு எழுதிவைத்தாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மேலுக்கு மேல் கீறியதால் பின்னேரத்து வெயில் சாய்வாக விழுந்தாலொழிய கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கள் அவை. பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றை ஆண்டுக் கணக்கில் ஒவ்வொன்றாக வாசித்து, 685 பாடல்களை இரண்டு பாகங்களாக 1956இல் வெளியிட்டார். சிங்கள மொழியின் பழைய நிலையை அறிவதற்கு இன்று அதுவே பெரிய ஆதாரம். எழுதியவர்கள் பொழுதுபோக்காக எழுதினார்கள். படித்தெடுத்தவரோ பல ஆண்டுகளை அதில் போட்டார்.

இதே சுவரில் நம் கிழக்குப் பக்கத்துப் பெண்ணொருத்திக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 2015 பெப்ரவரி மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஏழைத் தமிழ் யுவதி, கூட்டாளிகளோடு சுற்றுலா போன இடத்தில், அந்தச் சுவரில் தன் பெயரைக் கீறிவிட்டாள். பொலிஸ் பிடித்தது. தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருடச் சிறைத் தண்டனை விதித்தது. பலரும் பரிந்து பேசினார்கள். ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து, ஏப்ரல் கடைசியளவில்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

முன்பு கீறியவர்களைக் கவிஞர் என்கிறோம், இவளைக் குற்றவாளி என்கிறோம், இது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் முழுதாக ஏற்கவில்லை. பிறருக்குச் சேதம் விளைவிப்பது நமக்குக் கூடாது. அந்தச் சுவர் இப்போது முழு நாட்டின் அமானத். அதில் புதிதாக ஒரு கோடு கீறினால் பழைய எழுத்தொன்று போய்விடும், போனது திரும்ப வராது. ஆனால் இரண்டு வருடம் சிறை! அறியாமல் செய்த ஏழைப் பெண்பிள்ளைக்கு அது மிஞ்சிய தண்டனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுக்கு யாராவது முதலிலேயே அந்தச் சுவரில் என்ன இருக்கிறதென்று சொல்லியிருந்தால் கை நீண்டிருக்குமா? நம் பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்பும்போது சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக் கொடுக்கிறோம், இதைச் சொல்லி அனுப்புகிறோமா?

சுவர் எழுத்தைத் திரட்டும் வேலை நமக்குப் புதிதுமல்ல. அரபுக் கல்லூரியில் ஓதியவர்கள் ‘கிதாபுல் அகானீ’ எழுதிய அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானீயின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘அதபுல் குரபா’ என்ற சிறு நூலும் அவருடையதென்று சொல்லப்படுகிறது. அவருடையதல்ல என்று வாதிடும் ஆய்வாளரும் உண்டு. எவருடையதானாலும் விஷயம் அருமையானது. ஊரைவிட்டுப் பிரிந்த பிரயாணிகள் சத்திரங்களிலும், பாழடைந்த மாளிகைகளிலும், பள்ளிவாசல் சுவர்களிலும் எழுதிவிட்டுப் போன துயர வரிகளைத் திரட்டிய நூல் அது. வீட்டை நினைத்து அழுதவன், காசில்லாமல் தவித்தவன், இன்னார் மகன் இங்கே தங்கினேன் என்று மட்டும் எழுதிப் போனவன்! வெளிநாட்டுக்கு உழைக்கப் போன கணவனையோ மகளையோ நினைத்திருக்கும் சகோதரிகளுக்கு அந்த எழுத்தின் கனம் விளங்கும்.

இன்னும் முந்தியது ஒன்று உண்டு. மதீனாவுக்கு வடக்கே அல்உலாப் பகுதிப் பாறையொன்றில், ஸுஹைர் என்ற மனிதர், உமர் (ரலி) அவர்கள் மரணித்த காலத்தில் ஹிஜ்ரி 24இல் தாம் இதை எழுதியதாகக் கீறிவைத்தார். ஸுஹைர் பெரிய ஆலிமென்றோ தளபதியென்றோ தெரியவில்லை. வழியில் நின்று எழுதியவர், அவ்வளவுதான். ஆனால் அவர் சில எழுத்துக்களுக்குப் புள்ளி வைத்தார். அரபு எழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பிந்தி வந்ததென்று நினைத்திருந்தவர்கள் தங்கள் கருத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் அந்தக் கல்வெட்டை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இன்றைக்கும் ஸஊதியில், சம்பளத்துக்கல்ல, ஆர்வத்தினால் மட்டும் விடுமுறை நாட்களில் பாலைவனம் போய் இத்தகைய பாறை எழுத்துக்களைப் படம் பிடித்துவரும் குழுக்கள் இருக்கின்றன.

இதற்கிடையில் ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். குர்ஆன் வசனங்களையும் அல்லாஹ்வின் பெயர்களையும் சுவரில் எழுதுவதை ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘அத்திப்யான்’ என்ற நூலில் மக்ரூஹ் என்கிறார்கள். மதிற்சுவரில் எழுதியது வெயிலில் உரிந்து சாக்கடையில் விழுவதைப் பார்ப்பவர்களுக்குக் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

நம் காலத்துச் சுவருக்கு வருவோம். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாட்டின் பல நகரங்களில் இளைஞர்கள் தூரிகையும் வாளியுமாகத் தெருவில் இறங்கி மதில்களில் சித்திரம் தீட்டினார்கள். நோட்டீஸ் ஒட்டிக் கிழிந்து கிடந்த சுவர்கள் வண்ணமாயின. இயற்கைக் காட்சிகளும் இருந்தன. பண்டைய மன்னர்களும் போர்வீரர்களும் நிறைய இருந்தார்கள். அவ்வருடம் ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த கொடுமைக்குப் பிறகு, செய்யாத குற்றத்துக்காக அச்சத்தோடு நடமாடிக்கொண்டிருந்த நம் சமூகம் அந்தச் சித்திரங்களில் தன்னைத் தேடிப் பார்த்திருந்தால் கண்டிருக்குமா? இந்தக் கேள்வியைச் சிங்களக் கலைஞர்களிலும் சிலர் கேட்டார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் நாமே எழுதினோம், மையில்லாமல். கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டுமென்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. நல்லடக்கம் செய்யலாமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் சிசுவை, பெற்றோரின் சம்மதமின்றி டிசம்பரில் பொறளையில் எரித்தார்கள். அதைக் கேட்டவர்கள் கனத்தை மயான வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணியின் ஞாபகம். நம்மவர்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து கட்டினார்கள். ஒரு வார்த்தை எழுதப்படவில்லை, ஆனால் வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கியது. இரவோடிரவாக அந்தத் துணிகள் அகற்றப்பட்டன. அகற்றுவதற்கு முன்பு படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் படம் நாடு கடந்து போனது. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்து, மார்ச்சிலிருந்து ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. துணி ஒரு சில நாட்கள்தான் கம்பியில் இருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயோர்க்கில் இளைஞர்கள் ரயில் பெட்டி முழுவதும் பெயின்ற் அடித்து எழுதினார்கள். நகர நிர்வாகம் கழுவிக்கொண்டே வந்து 1989இல் கடைசிப் பெட்டியையும் சுத்தம் செய்தது. மார்த்தா கூப்பர் என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளரான பெண்மணி, ஹென்றி சால்பன்ற் என்பவரோடு சேர்ந்து, அதற்கு முன்பே அவற்றைப் படம் பிடித்து 1984இல் புத்தகமாக்கிவிட்டார். ரயிலில் எழுதியது சரியென்று நான் சொல்ல வரவில்லை. விடியற்காலையில் தண்டவாள ஓரத்தில் கமராவோடு காத்து நின்ற அந்தப் பெண்ணின் பொறுமையைச் சொல்கிறேன்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் 2004 சுனாமி கரையோர மதில்களைத் தரையோடு சாய்த்தது. 2006 ஆகஸ்ட்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்ப் பக்கம் போனார்கள். வீட்டு நிலைக் கல்லில் வெட்டிய வருடம், பள்ளிவாசல் வாசலில் கட்டியவர் பெயரை அரபுத் தமிழில் பொறித்த பலகை, வள்ளத்தின் முகப்பில் தீட்டிய பெயர், பழைய மையவாடி மீசான் கல் என்று இவ்வகையில் மிஞ்சியதை வைத்துத்தான் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி நம் பாட்டன் பாட்டி வாழ்ந்தார்கள் என்று காட்ட முடியும். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பழைய பலகையை உடைத்துக் கொங்கிறீற்றுக்குப் போட்டுவிட்டு, மாபிள் பதிக்கும் ஊர்கள் இருக்கின்றன. நன்கொடையாளர் பெயர் மட்டும் புதிதாகப் பொன்னெழுத்தில் ஏறும்.

சகோதரிகளே, வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறது, பிள்ளைகளுக்கு விடுமுறையும் வருகிறது. ஊரிலுள்ள பழைய எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். காலையிலோ அஸருக்குப் பிறகோ, வெயில் சாயும் நேரத்தில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். எழுத்து விளங்க வேண்டுமென்று சோக் தடவவோ எண்ணெய் பூசவோ கம்பித் தூரிகையால் உரஞ்சவோ விடாதீர்கள், கல் கெட்டுவிடும். துறைமுகத்தில் கடற்படைப் பகுதிகளும், கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருப்பதால் அங்கே கேட்காமல் கமராவைத் தூக்க வேண்டாம். பிறர் வீட்டு மதிலானால் வீட்டுக்காரரிடம் கேட்பது மரியாதை.

படத்தோடு ஒரு கொப்பியும் வேண்டும். எந்த இடம், எந்தத் திகதி, யார் காட்டியது, அவருக்கு யார் சொன்னது என்று எழுதச் சொல்லுங்கள். ஹதீஸ் ஓதுபவர்கள் இதை இஸ்னாத் என்பார்கள். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடே எழுத வேண்டும். பெரியம்மா ஒரு மாதிரியும் மாமி ஒரு மாதிரியும் வாசித்தால் இரண்டையும் பதியுங்கள். அழிந்துபோன எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள்; இரண்டெழுத்து போயிருந்தால் இரண்டு புள்ளி. இதுவாகத்தான் இருக்கும் என்று நீங்களாக நிரப்பிவிடாதீர்கள். பின்னால் வந்து அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த இடம் காலியாக இருக்கட்டும்.