கவுச்சோவின் தணலும் சார்மியெந்தோவின் திராட்சையும்

சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்ற விதியைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அதிலும் தணலில் சுட்ட மாட்டிறைச்சி என்றால் அர்ஜென்டினாவின் மால்பெக் என்பது லண்டன், நியூயார்க் உணவகங்களில் ஏறத்தாழ ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. இவ்விரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை, இயற்கையான ஜோடி என்று உணவுப் பத்திகள் சலிக்காமல் எழுதுகின்றன.

மனிதர்கள் உண்டாக்கிய ஒன்றை யாராவது 'இயற்கை' என்று சொன்னால் அங்கே சற்று நின்று பார்க்கவேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர் ரொலான் பார்த். 1957ல் வெளிவந்த அவருடைய 'மித்தாலஜீஸ்' நூலில் ஒயினைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு, ஸ்டேக்கைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. இரண்டையும் ரத்தம் பற்றிய ஒரே தொன்மம் இணைக்கிறது என்பது அவர் தரப்பு. ஒயின் தரும் இன்பத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அல்ஜீரியாவில், ரொட்டிக்கே வழியில்லாத முஸ்லிம்களிடமிருந்து பறித்த நிலத்தில் அந்தத் திராட்சை விளைகிறது என்பதையும் சேர்த்தே சொல்லி முடிக்கிறார். அதே கேள்வியை அர்ஜென்டினாவின் சாப்பாட்டு மேசையில் எழுப்பிப் பார்க்கலாம்.

முதலில் நாக்கின் தரப்பைக் கேட்டுவிடுவோம். அதில் பொய் இல்லை. சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்பது வேறொன்றுமில்லை, துவர்ப்புதான். மேற்கத்திய உடலியல் துவர்ப்பைச் சுவைகளோடு சேர்ப்பதில்லை, தொடு உணர்வு என்று ஒதுக்கிவிடுகிறது. கொட்டைப்பாக்கும் வாழைப்பூவும் அறிந்த நம் மரபோ அதை அறுசுவையில் ஒன்றாக வைத்தது. டானின் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பற்றி இழுத்துக்கொள்வதால் வாய் வறண்டு இறுகுகிறது. கொழுப்பும் உப்பும் உள்ள இறைச்சியை மெல்லும்போது உமிழ்நீர் மீண்டும் ஊறுகிறது, கொழுப்பு நாக்கில் படிகிறது, உப்பு கசப்பை அடக்குகிறது. அடுத்த மிடறு அந்தக் கொழுப்பைத் துடைத்துவிடுகிறது. அர்ஜென்டினாவின் அசாடோவில் மசாலா கிடையாது. கல்லுப்பும், வெகு நேரம் பொறுமையாகக் காயும் தணலும்தான். தொட்டுக்கொள்ளச் சிமிச்சுரி இருக்கலாம். இந்த எளிமைக்கு மால்பெக்கின் அதிகம் முரடில்லாத துவர்ப்பு நன்றாகவே பொருந்துகிறது. (மிளகாய் தாராளமாகச் சேர்ந்த நம் சுக்கா வறுவலோடு குடித்தால் கதை வேறு. காரமும் மதுவின் எரிச்சலும் ஒன்றையொன்று தூண்டிவிடும்.)

ஆனால் பொருத்தம் என்பது வேறு, இயற்கை என்பது வேறு. டானின் என்ற சொல்லுக்கே தோல் பதனிடும் தொழிலோடுதான் உறவு. நம் ஊர்த் தோல் பதனிடும் கூடங்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை அர்ஜென்டினாவில் செய்தது கெப்ராச்சோ என்ற மரம். கோடரியை முறிப்பது என்று பெயருக்கு அர்த்தம், அவ்வளவு வைரம் பாய்ந்த மரம். அசாடோ சுடுபவர்கள் இன்றும் விரும்புவது கெப்ராச்சோ விறகையும் கரியையும். அதன் டானினுக்காகச் சாண்டா ஃபே மாகாணத்தின் வடபகுதிக் காடுகளை லா ஃபொரெஸ்தால் என்ற ஆங்கிலேய மூலதன நிறுவனம் வெட்டித் தீர்த்தது. 1919 முதல் 1921 வரை அங்கே நடந்த தொழிலாளர் போராட்டங்கள் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டன. ஆக, ஒரு துவர்ப்பு மாட்டின் தோலுக்கு, இன்னொரு துவர்ப்பு மாட்டின் இறைச்சிக்கு.

அர்ஜென்டினாவின் முதல் சிறுகதை என்று பலராலும் கருதப்படுவது எஸ்தெபான் எச்செவெரியாவின் 'எல் மத்தாதெரோ'. தலைப்பின் பொருள் இறைச்சிக்கூடம். 1830களின் இறுதியில் எழுதப்பட்டு, ஆசிரியர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆனபின் 1871ல் அச்சேறியது. மாட்டிறைச்சியும் ரத்தமும் சேறும் கலந்த அந்த வெளியில், கனவான் இளைஞன் ஒருவன் கசாப்புக்காரக் கும்பலிடம் சிக்கி உயிர்விடுகிறான். மாட்டிறைச்சி அந்த இலக்கியத்தில் தொடக்கத்திலிருந்தே ஒரு வர்க்க அடையாளம்.

அதே தலைமுறைக்காரர் டொமிங்கோ ஃபவுஸ்தினோ சார்மியெந்தோ. 1845ல் அவர் எழுதிய 'ஃபகுந்தோ' லத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் அடிப்படை நூல்களில் ஒன்று. நாகரிகமா காட்டுமிராண்டித்தனமா என்பதுதான் அதன் மையக் கேள்வி. நாகரிகம் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். காட்டுமிராண்டித்தனம் பாம்பாஸ் புல்வெளியில் குதிரைமேல் அலையும் கவுச்சோவிடம் இருக்கிறது. (நம் கவுச்சிக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை, பொருத்தம் மட்டும் உண்டு.) கவுச்சோவின் தடம் காணும் திறனையும் பாட்டையும் வியந்து பக்கம் பக்கமாக எழுதியவரும் அவரே. அந்த வியப்பு அவர் கையைத் தடுக்கவில்லை. 1861ல் ஜெனரல் மித்ரேவுக்கு எழுதிய கடிதத்தில், கவுச்சோக்களின் ரத்தத்தைச் சிந்தச் சிக்கனம் பார்க்கவேண்டாம், அது நாட்டுக்குப் பயன்படவேண்டிய உரம் என்ற பொருள்பட எழுதினார்.

உரம் என்ற சொல்லை நான் கடக்க முடியாமல் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. மெண்டோசாவில் வேளாண் பள்ளி அமையவேண்டும், பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகள் வரவேண்டும் என்று வலியுறுத்தியவர் இதே சார்மியெந்தோ. 1853 ஏப்ரல் 17ல் அதற்கான திட்டம் மாகாணச் சட்டமன்றத்துக்கு வந்தது. மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் கொண்டுவந்த கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. பிறந்த மண்ணான தென்மேற்குப் பிரான்சில் அந்தக் கொடியைப் பின்னால் பூச்சி அழித்தது, 1956ன் உறைபனி மிச்சத்தைக் கருக்கியது. ஆண்டீஸ் அடிவாரத்தில் அது செழித்தது. அதாவது, அசாடோவைச் சுட்ட மனிதனை அப்புறப்படுத்தி நாகரிகத்தை நடவேண்டும் என்ற கனவின் ஒரு பகுதியாக வந்து சேர்ந்த கொடி அது. கவுச்சோவின் தரப்பைப் பேசிய ஹோஸே எர்னாண்டஸின் 'மார்த்தின் ஃபியரோ' 1872ல் வெளிவந்தபோது நாட்டின் குடியரசுத் தலைவர் சார்மியெந்தோ. முள்கம்பி வேலிகள் புல்வெளியைத் துண்டாடின. 1885ல் ரயில் மெண்டோசாவை எட்டியது. இத்தாலிய, ஸ்பானியக் குடியேறிகள் திராட்சை பயிரிட்டார்கள், குடிக்கவும் செய்தார்கள்.

அவர்கள் குடித்தவிதம் இன்றைய நிபுணர்களை முகம் சுளிக்க வைக்கும். பெரிய ஜாடியில் மலிவான ஒயின், அதில் சோடா, வெயில் காலமானால் பனிக்கட்டி. எந்த ஒயின் எந்த இறைச்சிக்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. 1970 வாக்கில் அந்நாட்டில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு சுமார் 90 லிட்டர் ஒயின் செலவானது. இன்று அது 20 லிட்டருக்கும் கீழே. இடைப்பட்ட ஆண்டுகளில் மால்பெக் கொடிகள் பெருமளவில் பிடுங்கப்பட்டன. 1990களில் ஏற்றுமதிச் சந்தை கண்டெடுத்த பிறகுதான் எஞ்சியவை பொக்கிஷமாயின. 'ஸ்டேக்குக்கு மால்பெக்' என்ற சூத்திரத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்ததில் அந்தச் சந்தையின் பங்கே பெரிது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றுதான். தொழிலாளியின் மேசையில் கேள்வியில்லாமல் இருந்த ஒரு பழக்கம், வேறெங்கோ விருந்தினரைத் தேர்வறை மாணவனைப் போல் விழிக்கவைக்கும் வினாத்தாளாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒயின் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடும் படித்த மனிதர்கள் எத்தனை பேர்! புட்டியின் பின்பக்கத்தில் பிளம் பழம், வயலட் பூ, புகையிலை என்று வாசனைகளுக்கு இடம் இருக்கிறது. 1853க்கு இடம் கிடைத்தால் அதுவும் ஒரு கொண்டாட்டக் குறிப்பாகவே.

2011 முதல் ஏப்ரல் 17 உலக மால்பெக் தினமாகக் கொண்டாடப்படுகிறது. எர்னாண்டஸ் பிறந்த நவம்பர் 10 அர்ஜென்டினாவில் மரபு தினம். கவுச்சோ உடையணிந்து குதிரையேறுகிறார்கள், மாட்டு விலாவைத் தணலில் நிறுத்துகிறார்கள். அன்றைக்கும் கோப்பையில் ஊற்றப்படுவது பெரும்பாலும் சார்மியெந்தோவின் திராட்சைதான்.