ஏந்துபவனே ஏந்தல்!

தலைமை என்பது யாது? இவ்வினாவைத் தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நின்று எழுப்பினும் விடைகள் பலவாக வரும். பெருங்கூட்டம் திரட்டுவோனே தலைவன் என்பான் ஒருவன். ஆட்சியிருக்கையில் அமர்ந்தோனே தலைவன் என்பான் இன்னொருவன். அள்ளிக் கொடுப்பவனே தலைவன் என்பான் வறியவன். அழகுறப் பேசுபவனே தலைவன் என்பான் பேச்சில் மயங்கியவன். தலைவனின் மகனே தலைவன் என்று, வினா முடியுமுன்னரே விடை கூறுவாரும் உளர். இவற்றுள் எது சரி என்று ஆயாமலேயே நாம் ஒருவர் பின் ஒருவராகச் சென்றுகொண்டிருக்கின்றோம். நடந்த தொலைவு மிகுதி. சேர்ந்த இடம் யாதுமில்லை.

நம் முன்னோர் இவ்வினாவை நம்மினும் ஆழ்ந்து எண்ணினர் என்பதற்குத் தமிழ்ச்சொற்களே சான்று. தலைவனைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள. ஒவ்வொன்றும் தலைமையின் ஒவ்வொரு கூற்றை நோக்கிப் பிறந்தது. மன்னுதல் என்பது நிலைபெறுதல். நிலைபெற்ற ஆட்சியுடையோன் மன்னன். முடி வேய்ந்தோன் வேந்தன் என்பார் பாவாணர். ஆநிரை காப்போனைக் குறித்த கோன் என்னும் சொல்லே மக்களைக் காப்போனுக்கும் ஆயிற்று என்பதும் அவர் காட்டிய வழியே. அண் என்பது மேல் என்னும் பொருளது, உயர்ந்தோன் அண்ணல். செம்மையுடையோன் செம்மல். விளங்கித் தோன்றுவோன் தோன்றல்.

இவற்றினிடையே ஏந்தல் என்றொரு சொல் உண்டு. உயர்ந்தோன் என்று அதற்குப் பொருள் கொள்வர். ஆயினும் ஏந்துதல் என்பதற்குத் தாங்குதல் என்னும் பொருளும் உண்டன்றோ! இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் மழைநீரைத் தேக்கும் ஏரிக்கும் ஏந்தல் என்றே பெயர். ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்கள் அங்குப் பல. வானம் பொழிந்ததைத் தான் தாங்கி, தனக்கென வைத்துக்கொள்ளாது, மடைவழியே வயலுக்கு விடுவது அவ் வேந்தல். ஊராரின் சுமையைத் தான் தாங்கி, தனக்கு வந்ததை ஊர்க்கு விடுபவனே இவ் வேந்தல். தலைமைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் யான் அறிந்திலேன்.

இவ்விலக்கணத்திற்கு இலக்கியமாய் வாழ்ந்தவர்களைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

1916 இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட மறைமலையடிகள் முதலிற் செய்தது யாது? கட்சி தொடங்கினாரா? ஊர்வலம் நடத்தினாரா? வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றினார். தம் இதழாகிய ஞானசாகரத்தை அறிவுக்கடல் ஆக்கினார். மக்களுள் திருஞானசம்பந்தத்தை அறிவுத்தொடர்பு என்றும், மாணிக்கவாசகத்தை மணிமொழி என்றும் அழைத்தார். கொள்கை முதலில் அவர் கையெழுத்தில் ஏறிற்று. பின்னர் அவர் வீட்டில் நுழைந்தது. அதன்பின்னரே நாட்டை நோக்கி நடந்தது. பிறரைக் கட்டுமுன் தம்மைக் கட்டியதனாலேயே அச்சொல்லுக்கு நாடு கட்டுப்பட்டது.

1938 ஆம் ஆண்டில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியினின்று சென்னைக்குத் தமிழர் படை புறப்பட்டது. ஏறத்தாழ 100 பேர். பட்டுக்கோட்டை அழகிரிசாமி அப்படையை நடத்தினார் எனில், ஊர்தியில் முன்சென்று மாலை வாங்கினார் என்பதன்று பொருள். வெயிலில் உடன் நடந்தார் என்பதே பொருள். அகவை 50ஐக் கடந்திருந்த மூவலூர் இராமாமிருதம் அம்மையாரும் உடன் நடந்தார். ஆகத்து முதல் நாள் புறப்பட்டோர் செப்தம்பர் 11 ஆம் நாள் சென்னையை அடைந்தனர். அப்போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் உயிர் நீத்தனர். இளைஞரை வெயிலுக்கு அனுப்பிவிட்டுத் தான் நிழலில் இருப்பவனும், இளையோர் உயிரைத் தான் செலவிடும் முதலாக எண்ணுபவனும், எத்துணைப் பெரிய மேடையில் ஏறினும் தலைவர் ஆகார்.

'இவையெல்லாம் சரி, ஆட்சி கையில் இல்லாதவனால் யாது செய்ய இயலும்?' என்று வினவுவர் சிலர். வினாவை நாம் தள்ளவில்லை. 1967 சூலை 18 ஆம் நாள் அண்ணா அவர்களின் அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததனாலேயே, 1969 சனவரி 14 முதல் இம்மண்ணுக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் சட்டப்படி நிலைத்தது. ஆட்சியின்றி அது நிகழ்ந்திராது. ஆயின் அப்பெயரைக் கேட்டு 1956 சூலை 27 ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கி, 70 நாள்களுக்கும் மேலாகத் தளராதிருந்து, அக்தோபர் 13 ஆம் நாள் உயிர் துறந்த சங்கரலிங்கனார் எந்த இருக்கையில் அமர்ந்திருந்தார்? அமைச்சரல்லர், சட்டமன்ற உறுப்பினருமல்லர். சுமையை அவர் முன்னரே ஏந்தினார். ஆட்சி பின்னர் அதனை நிறைவேற்றியது. ஆட்சி என்பது தலைமையின் கருவி. கருவியையே தலைமை என்று மயங்குதல் ஏர்முனையையே உழவன் என்பது போலாகும்.

இன்னோர் அளவுகோலும் உண்டு. தலைவன் மறைந்த பின்னரும் வினை நடக்கின்றதா? 1974 இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்ந்த பாவாணர் 1981 சனவரியில் மறைந்தார். அவர் கண்ணால் அப்பணியின் நிறைவைக் காணவில்லை. எனினும் அவர் வகுத்த வழியில் பிறர் உழைத்து, அப்பேரகரமுதலியை 12 மடலங்களாக முற்றுவித்தனர். தன்னோடு முடிவது தலைமையன்று. தன்னால் தொடங்குவதே தலைமை.

இனி, நம் முற்றத்தை நாமே நோக்குவோம். ஓரூரில் தமிழுக்கென்று மூன்று அமைப்புகள். மூன்றிற்கும் தலைவர் உளர். மூன்றிற்கும் சேர்த்து நாற்காலி எடுத்துப்போட ஆளில்லை! சுவரொட்டியில் பெயருக்கு முன் நான்கு அடைமொழிகள், கையெழுத்தோ ஆங்கிலத்தில். மேடையில் தமிழ்வழிக் கல்வி முழக்கம். விடிந்தால் பெயரன் ஏறுவது ஆங்கிலவழிப் பள்ளி ஊர்தி. பிள்ளைக்குப் பெயர் சூட்டும் நாளில் மட்டும் தமிழ் போதாதாகி விடுகின்றது. இவரைப் பார்த்து ஊரார் நகைப்பரேல், அந்நகை இவரோடு நில்லாது. தமிழையும் சேர்த்தே சுடும். பகைவரால் நேர்ந்த கேட்டினும் இப்பொய்த்தலைமையால் நேரும் கேடு பெரிது. பகைவனை எதிர்க்கலாம், நம்பிக் கெட்டவனை மீண்டும் நம்பவைத்தல் அரிதினும் அரிது.

ஆகலின் அன்பர்காள், நம்மை வழிநடத்த ஒருவர் எங்கிருந்தோ வருவார் என்று வாயில் நோக்கி நில்லற்க. தலைவராக வருவாரிடம் மூன்று கேளுங்கள்: எமக்குச் சொல்வதை நும் வீட்டில் செய்துவிட்டீரா? எம் சுமையில் நும் தோள் எவ்வளவு? நுமக்குப் பின் இவ்வினையை நடத்த எத்துணைப் பேரை ஆக்கினீர்? விடை கூறுவாரைப் பின்பற்றுங்கள்; சினப்பாரைக் கைவிடுங்கள்.

அதன்பின் அதே மூன்றையும் நும்மையே கேளுங்கள். கையெழுத்தைத் தமிழில் இடுதற்கும், கடைப்பலகையைத் தமிழில் எழுதுதற்கும், பிறந்த குழவிக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுதற்கும் எவருடைய ஆணையும் வேண்டா. ஊர்க்கு ஒரு பேரேரி வேண்டுமென்று காத்திருப்பதனினும், ஊர்தோறும் சிற்றேந்தல்கள் பல நிறைதல் நன்று. ஒன்று உடைந்தாலும் மற்றவை வயலைக் காக்கும்.

ஏந்துக! தலைமை தானே வரும்.