ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, கழிப்பறையும் இல்லை

2022 மே மாதம் சட்டப்பேரவையில் போக்குவரத்துத் துறை அமைச்சர் சா.சி.சிவசங்கர் வெளியிட்ட அறிவிப்புகளில் ஒன்று, அரசுப் பேருந்துகளில் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு இனி டிக்கெட் வேண்டாம் என்பது. அதுவரை 3 வயது தாண்டினாலே அரை டிக்கெட். அதற்கு ஓராண்டு முன்பு, 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அரசு சொல்ல வந்தது விளங்கும்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், காசுக்காக வீட்டில் முடங்காதீர்கள். வந்தார்கள். அந்தக் குழந்தை பாதி வழியில் ‘ஆய் வருது’ என்றால் எங்கே போவது என்ற கேள்வியை மட்டும் எந்தத் துறையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயதுக்குட்பட்டவரைப் பயணியாக எண்ணிய அரசு, அவரைக் கழிப்பறைக்கு வருபவராகவும் எண்ண வேண்டும். இதைத் தாயின் சாமர்த்தியத்திடம் விட்டுவிடுவது ஒரு பொதுக் கடமையைத் தட்டிக்கழிப்பதுதான்.

ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிறது இரும்பை. தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர். இங்கிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகர் இன்னும் தூரம். கூட்டு ரோட்டில் காத்திருப்பது, மாறி ஏறுவது எல்லாம் சேர்ந்தால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் சுலபமாகக் கடந்துவிடும். பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 3 வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்வது சுமார் 150 மில்லி மட்டுமே. பெரியவர்களுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதைவிட முக்கியம், அடக்கி வைக்கும் தசைகளும் ‘வருகிறது’ என்று முன்கூட்டியே உணரும் பக்குவமும் அந்த வயதில்தான் கூடிவருகின்றன. பொதுவாக ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் பகல் நேரப் பழக்கம் படிகிறது. இரவுப் பழக்கத்துக்கு மேலும் காலம் ஆகும். குழந்தை சொல்வதற்கும் நனைப்பதற்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்கள்தான். சில நேரம் அது வாயால் சொல்லவே சொல்லாது. திடீரென்று விளையாட்டை நிறுத்தும், ஒரு மூலையில் போய் நிற்கும், காலைப் பின்னிக்கொள்ளும். நெரிசலான பேருந்தில் பின்னுவதற்கும் இடமில்லை, அதைக் கவனிப்பதற்கும் வழியில்லை.

கொஞ்ச நேரம் அடக்கினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தை மருத்துவர்கள் தினமும் பார்க்கும் மலச்சிக்கலில் பெரும்பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. அடக்கிய மலம் இறுகுகிறது. இறுகியது வெளியேறும்போது வலிக்கிறது. வலித்ததை நினைவில் வைத்திருக்கும் குழந்தை அடுத்த முறை தானாகவே அடக்குகிறது. இந்தச் சுழலில் மாட்டிய குழந்தைக்கு மருந்தோடு மாதக்கணக்கில் பொறுமையும் தேவைப்படும். சிறுநீரை அடக்குவது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது, பெண் குழந்தைகளுக்கு இன்னும் கூடுதலாக. நம் பொதுக் கழிப்பறைகளில் குழந்தை அடக்குவதற்கு அழுக்கும் நாற்றமும் மட்டும் காரணமல்ல. பெரியவர்களுக்கான தொட்டியின் இரு பக்கமும் கால் வைக்கும் இடம் அதற்கு எட்டுவதில்லை. நடுவில் இருக்கும் குழிக்குள் விழுந்துவிடுவோம் என்று அது நிஜமாகவே பயப்படுகிறது. அந்தப் பயத்தைப் பிடிவாதம் என்று பெயர் சூட்டி முதுகில் ஒன்று வைக்கிறோம்.

டயப்பர் இருக்கிறதே, பிறகென்ன என்பது அடுத்த கேள்வி. வெளியூர்ப் பயணத்துக்கு டயப்பர் உதவுகிறது, அதைப் பழிப்பதில் அர்த்தமில்லை. நம் பாட்டிமார் கால்களை நீட்டி, அதன் மேல் குழந்தையை உட்கார வைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓசை எழுப்பிப் பழக்கிய வித்தை வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும் செல்லும்; பேருந்தில் செல்லாது. டயப்பரில் சிக்கல் எங்கே என்றால், பழக்கம் படிகிற பருவத்தில் குழந்தைக்கு வேண்டியது ஒரே மாதிரியான நடைமுறை. வீட்டில் ‘சொல்லு, கூட்டிப்போகிறேன்’ என்றும் வெளியில் ‘பரவாயில்லை, டயப்பரிலேயே போ’ என்றும் மாற்றி மாற்றிச் சொன்னால், சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அதற்குப் பதிவதில்லை. வெளியே இடம் இல்லாததால் டயப்பர் போடுகிறோம். டயப்பர் போடுவதால் பழக்கம் தள்ளிப்போகிறது. செலவு மாதாமாதம் நீள்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பாக்கெட் டயப்பரின் விலை சாதாரணமானது அல்ல. அதனால் ஒரே டயப்பரை நாள் முழுவதும் விட்டு, தொடையெல்லாம் சிவந்து புண்ணாவதும் நடக்கிறது. கழற்றியதை எங்கே போடுவது? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரை உறையில் சுற்றித் தனியே தர வேண்டும், அந்த உறையைத் தயாரிப்பாளர்களே வழங்க வேண்டும் என்று சொல்லின. கடையில் வாங்கும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து அந்த உறையைத் தேடுங்கள். கிடைக்காதபோது அது நெடுஞ்சாலை ஓரத்துக்கோ ஏரிக்கரைக்கோ போய்ச் சேர்கிறது, பிளாஸ்டிக்கும் மலமும் ஒரே பொட்டலமாக.

இதையெல்லாம் விட ஆழமாக வேரூன்றிய பதில் ஒன்று உண்டு: குழந்தைதானே, ஓரமாக உட்கார வை. குழந்தையின் மலம் தீங்கற்றது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மை நேர்மாறு. வயிற்றுப்போக்குக் கிருமிகளாலும் குடற்புழுக்களாலும் அதிகம் பாதிக்கப்படுவது சிறு குழந்தைகளே. ஆகவே அவர்களின் மலத்தில்தான் இவை மிகுதி. உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் பக்குவத்துக்கு வருகின்றன. அதன்பின் சாதகமான மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ‘காய்ந்துவிட்டது, மண் மூடிவிட்டது’ என்று நாம் நிம்மதி அடைகிற நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. அங்கன்வாடியில் மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு, பேருந்து நிலையத்தின் பின்சுவரோரம் அதே குழந்தையை உட்கார வைக்கிறோம். 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் அற்றது என அறிவிக்கப்பட்டபோது, கழிப்பறை இருக்கும் வீட்டின் குழந்தை வெளியூரில் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அரசுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. 1999-இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே, அங்கன்வாடிகளின் கழிப்பறை குழந்தைகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், பழக்கம் சிறு வயதிலேயே படிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. சிறிய தொட்டி என்ற யோசனைக்கு இங்கே வயது இருபதுக்கு மேல். திருச்சியின் குடிசைப் பகுதிகளில் கிராமாலயா தொண்டு நிறுவனம் மகளிர் குழுக்களோடு சேர்ந்து சமுதாயக் கழிப்பறைகளை நடத்தியபோது, குழந்தைகளுக்கென்று தனிக் கழிப்பிடங்களையும் கட்டியது. ஆழம் இல்லாத, இருட்டில்லாத, பக்கத்தில் இன்னொரு குழந்தை இருக்கும் இடம். 2015 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அப்போதும் ‘இதற்கெல்லாம் அறையா’ என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று பேருந்து நிலையம் கட்டும் எந்த நகராட்சியும் வரைபடத்தில் அந்த அறையை விடுவதில்லை. பால் குடிக்கும் பருவத்துக்கு இடம் ஒதுக்கிய நாம், அதே குழந்தை அதே தாயோடு இரண்டு ஆண்டு கழித்து அதே நிலையத்துக்கு வரும் என்பதை ஏனோ யோசிக்கவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் சிறு குழந்தைகள் கூட்டமாகக் கூடும் இடங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. திண்டிவனம்–புதுச்சேரி வழியில் உள்ள மயிலம் முருகன் கோயிலுக்குக் குடும்பங்கள் வருவதே முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும்தான். விழாவின் நாயகர் பழக்கம் படிந்துகொண்டிருக்கும் வயதில் இருப்பவர்! முடி இறக்கும் அழுகை, புது இடம், புதுச் சட்டை, வெயில், ஜூஸ். இத்தனைக்கும் பிறகு அவருக்கு அவசரம் வராமல் இருந்தால்தான் வியப்பு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு, திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி. சிறப்புப் பேருந்துகள் விடுவதில் போக்குவரத்துக் கழகம் குறை வைப்பதில்லை. இறங்குகிற கூட்டத்தில் மடியில் எத்தனை குழந்தைகள் இருக்கும் என்ற கணக்கு மட்டும் திட்டத்தில் வராது. மேல்மலையனூர் அறநிலையத் துறையின் கையில் இருக்கிறது. மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில். எனவே ஒரே அரசாணை எல்லா இடத்துக்கும் போதாது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டிப் பக்கம் தொலைதூரப் பேருந்துகள் நின்று போகும் சாலையோர உணவகங்கள் தனி விவகாரம். அங்கே வண்டியை நிறுத்துவதற்கு ஒப்பந்தம் போடுவது போக்குவரத்துக் கழகம். உணவின் விலையையும் தரத்தையும் பற்றி அதில் எழுத முடிகிறது என்றால், குழந்தைக்கு ஒரு தொட்டி என்ற வரியையும் எழுத முடியும்.

பெரியவர்களுக்கான கழிப்பறையே பூட்டிக் கிடக்கிறது, தண்ணீர் வருவதில்லை, இதில் குழந்தைகளுக்குத் தனியாகவா என்பது நியாயமான ஆட்சேபம். பாலூட்டும் அறைகளிலும் சில பிற்பாடு பூட்டியே கிடந்ததையும், துடைப்பம் வைக்கும் அறையாக மாறியதையும் மறைக்க வேண்டியதில்லை. தனிக் கட்டடம் கட்டினால் அதே கதி நேரும் என்பதால்தான், தனிக் கட்டடம் வேண்டாம் என்கிறேன். இருக்கும் மகளிர் பகுதியில் ஓர் அறையில் சிறிய தொட்டி, குழந்தை பற்றிக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, இடுப்பளவில் துணி மாற்றக் கடப்பைக் கல் மேடை, மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டி, பையை மாட்ட ஒரு கொக்கி. இவற்றில் கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றலாம். ஈரத் தரையில் பையை வைக்க முடியாமல், ஒரு கையில் பையும் மறு கையில் குழந்தையுமாக, குவளையை எந்தக் கையால் எடுப்பது என்று தெரியாமல் நிற்பவரைக் கேட்டால், அவர் முதலில் கேட்பது கொக்கியாகத்தான் இருக்கும். ஏற்கெனவே உள்ள குழாயும் கழிவுநீர் இணைப்புமே இதற்கும் போதும். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், தனி ஆள் போட வேண்டாம். பராமரிப்புக்கும் திருச்சியே ஒரு வழியைக் காட்டியது: பயன்படுத்துகிற பெண்களின் குழுக்களே சிறு கட்டணம் வாங்கி நடத்தின. குத்தகைக்காரருக்கு வசூல் மட்டும் கணக்கு. தன் பிள்ளையைக் கூட்டிவருபவருக்கு வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்பது கணக்கு.

கடைசியாக ஒன்று, பெரும்பாலும் பெரியவர்கள் வாயிலிருந்து வருவது: பழக்கிவிட்டு வெளியே கூட்டிப்போக வேண்டியதுதானே, அதுவரை வீட்டில் இருந்தால் என்ன? ரேஷன் கடை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாலுகா அலுவலகம், தாய்வீட்டுச் சாவு, இவை எதுவும் குழந்தையின் பழக்கம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. பல இடங்களில் கழிப்பறையைப் பார்க்காத குழந்தைக்குப் பழக்கம் முழுமையாகப் படிவதும் இல்லை. வீட்டுக் கழிப்பறை தவிர வேறெங்கும் போக மறுக்கும் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்த முதல் மாதங்களில் படும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும். இந்தக் கேள்வியைத் தாயிடம் மட்டுமே கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், நீதிமன்ற வளாகங்களில் கழிப்பறை வசதி என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. உரிமை என்றால் அது தாய்க்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2016-இல் வந்த ஒரு சட்டம், மக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களின் கழிப்பறைகளில், ஆண்கள் பகுதியிலும்கூட, குழந்தைக்குத் துணி மாற்றும் மேடை வேண்டும் என்றது. நம் ஊரில் இரண்டரை வயது மகளோடு தனியாகப் பேருந்து ஏறும் தந்தை, மகளிர் பகுதிக்குள் நுழைய முடியாது. ஆண்கள் பகுதியில் திறந்த சிறுநீர்த் தொட்டிகளின் வரிசைக்கு நடுவே மகளைக் கூட்டிப்போகவும் மனம் வராது. வெளியே நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ‘அக்கா, கொஞ்சம் பாப்பாவைக் கூட்டிப்போறீங்களா’ என்று கேட்கிறார். எனவே புதிதாகக் கட்டும் பேருந்து நிலையங்களிலாவது இந்த அறையை மகளிர் பகுதிக்குள் அடக்காமல், இரண்டு பகுதிக்கும் பொதுவான முன்பக்கத்தில், தனிக் கதவோடு, அப்பாவும் தாத்தாவும் கூச்சமின்றி நுழையும்படி வைக்கலாம். இதற்கு வரைபட நிலையில் ஆகும் செலவு கூடுதலாக ஒரு கதவு.