கேட்டுக்கு உள்ளே அளந்தீங்க, வெளியே?

மலையில் இடம் வாங்கினவங்க பல பேர் இப்ப வீடு கட்டறதில்லை, வீட்டை வரவழைக்கிறாங்க. எங்கேயோ ஒரு பட்டறையில் முழுசாச் செஞ்சு, கதவு, ஜன்னல், ஃபேன் வரைக்கும் மாட்டி, லாரியில் ஏத்தி அனுப்பற ரெடிமேட் அறை. தோட்டத்து நடுவில் இறக்கி வச்சா அன்னைக்கு ராத்திரியே படுத்துக்கலாம். ஆசை தப்பில்லை. ஆனா அந்த லாரி உங்க தோட்டத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடி எங்க சந்துக்குள்ள வரணும். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

எங்க நிலத்துக்குப் பக்கத்து நிலத்தை வாங்கினவர் சென்னைக்காரர். நல்ல மனுஷன். அவங்க அம்மாவுக்கு மெட்ராஸ் வெயில் ஆகலை, கோடைக்காவது ஏலகிரியில் இருக்கட்டும்னு 20 அடி நீளத்தில் ஒரு அறை ஆர்டர் பண்ணினார். ஆறு தூண் எழுப்பி, டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாத்து, வாரக்கணக்கா நனைச்சு வச்சிருந்தார். தண்ணி பைப், செப்டிக் டேங்க், கரண்ட் எல்லாம் தயார். கேட்டுக்கு உள்ளே ஒரு குறை சொல்ல முடியாது.

கேட்டுக்கு வெளியே? எனக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணா, வண்டி வரும்ல?" நானும் "தாராளமா வரும் சார்"னு சொல்லிட்டேன். அவர் மனசுல இருந்தது லாரி. என் மனசுல இருந்தது அவரோட கார். நடந்ததில் என் தப்பும் பாதி உண்டு.

லாரி ராத்திரியில் மலை ஏறியது. 14 கொண்டை ஊசி வளைவு. சில வளைவுல ரெண்டு மூணு தடவை பின்னாடி எடுத்துத்தான் திருப்பினேன்னு டிரைவர் சொன்னார். அதையெல்லாம் தாண்டினவர் எங்க சந்துல மாட்டிக்கிட்டார்.

சந்து 10 அடி அகலம், லாரி 8 அடி. நேர்கோடா இருந்தா உரசாமப் போயிடும். ஆனா கொஞ்ச தூரத்துல ஒரு திருப்பம். இந்தப் பக்கம் கல்கட்டு, அந்தப் பக்கம் ஆயாவோட பலாமரம். முன்சக்கரம் திரும்பிடுச்சு, பின்னாடி இருக்கற நீளம் திரும்பலை. உயரமும் இடிச்சது. அறை எட்டரை அடி, லாரித் தளம் 4 அடி, ஆக பன்னிரண்டரை. பலாவோட தாழ்ந்த கிளை 11 அடியில் நிக்குது.

பின்னாடி பால் வண்டி நின்னுச்சு. ஸ்கூல் பிள்ளைங்க லாரிக்கும் கல்கட்டுக்கும் நடுவுல பையைத் தலைமேல வச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் போனாங்க. கிளீனர் பையன் ஒரு மூங்கில் கழியை எடுத்து கரண்டு கம்பியைத் தூக்கப் போனான். நான் கத்தின கத்தலில்தான் கீழே போட்டான்.

டிரைவர் கணக்கு சுலபம்: "ஒரு கிளை, பத்தடி கல்கட்டு. அரை மணி நேர வேலை." சார் காசு தர்றேன்னார். எவ்வளவு வேணாலும் தர்றேன்னார்.

ஆயா கோவிச்சுக்கலை. நிதானமாத்தான் கேட்டாங்க. "இந்த வருஷக் காய்க்குக் காசு குடுப்ப தம்பி. இந்தக் கிளைலதான் காய் நிறைய நிக்கும். வர்ற வருஷம் யார் குடுப்பா, அதுக்கு அடுத்த வருஷம் யார் குடுப்பா?" யார்கிட்டயும் பதில் இல்லை.

கல்கட்டும் சும்மா அடுக்கி வச்ச கல் இல்லைங்க. சிமெண்ட் இல்லாம கை பாத்து அடுக்கினது. தண்ணியை விட்டுட்டு மண்ணைப் பிடிச்சு வைக்கும். பத்தடி பிரிச்சா முதல் மழைக்கே மேல் நிலத்து மண் சந்துல கிடக்கும்.

எங்க மலைப்பாதை வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பேர் வச்சிருக்காங்க, பாரிக்கும் ஒண்ணு உண்டு. முல்லைக்கொடிக்காகத் தேரையே விட்டுட்டு நடந்து போனவன். அவன் பேர் வச்ச வளைவைத் தாண்டி வந்த வண்டிக்கு பலாக்கிளை இடைஞ்சலாப் போச்சு.

மத்தியானம் லாரி பின்னாடியே போச்சு. திரும்பிப் போன வாடகை, காத்திருந்த வாடகை எல்லாம் சார் தலையில்.

என் கருத்து இதுதான். பாதைக்குத் தகுந்த மாதிரி பொருளைப் பிரிக்கணும். பொருளுக்குத் தகுந்த மாதிரி பாதையை வெட்டக்கூடாது. இது புதுசு இல்லை. பெங்களூரு லால்பாக்ல கண்ணாடி மாளிகை பாத்திருப்பீங்க. 1889ல் அடிக்கல் போட்டது. அவ்வளவு பெரிய தோட்டக் கட்டடத்தோட வார்ப்பிரும்பு ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோ நகரத்துப் பட்டறையில் செஞ்சது. கடல் தாண்டித் துண்டு துண்டா வந்து இங்கே பூட்டினது. அவ்வளவு தூரம் எதுக்கு? கீழே ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் ஆள் உயரத்துக்கு மேல மர டிரம் சுத்தும். பலகை பலகையா உள்ளே கொண்டுபோய் அங்கேயே பூட்டறதுதான். டிரம்முக்காக யாரும் வாசலை இடிக்கிறதில்லை.

சார்கிட்ட இதைச் சொன்னப்ப திருப்பிக் கேட்டார்: "தேருக்கு மட்டும் வீதியை அகலமா விட்டாங்களே அண்ணா?" நல்ல கேள்வி. தேர் ஊருக்குப் பொது. வருஷா வருஷம் வரும், ஊர் கூடித்தான் இழுக்கும். உங்க அறை ஒரே ஒரு நாள் வரும், அதுக்கப்புறம் உங்க கேட்டுக்குள்ள போயிடும்.

ரோடே அகலமாகக் கூடாதுன்னு சொல்லலை. ஆம்புலன்ஸ் வரணும், தீயணைப்பு வண்டி வரணும். அது எங்களுக்குத்தான் உங்களைவிட அவசரம். ஆனா அதை கிராம சபையில் உக்காந்து, யார் நிலம் எவ்வளவு போகுதுன்னு பேசி முடிவு பண்ணணும். லாரி என்ஜினை ஓடவிட்டுக்கிட்டு, ஒரு கிழவி முன்னாடி நோட்டைக் காட்டி முடிவு பண்ற விஷயம் இல்லை.

மலைக்கு அறை வரவழைக்கிறதா இருந்தா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செய்யுங்க.

டேப்பை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுல இருந்து உங்க கேட் வரைக்கும் நடங்க. சந்தோட சராசரி அகலம் வேண்டாம், ரொம்பக் குறுகலான இடம் எதுன்னு பாருங்க. திருப்பத்தைத் தனியா அளங்க. நீளமான வண்டி அங்கேதான் மாட்டும். உயரம் பாக்கறப்ப லாரித் தளத்தையும் சேத்துக்கோங்க. கம்பி குறுக்கே போனா மின்வாரியத்துல எழுதிக் குடுத்து, லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தினப்புறம்தான் வேலை. கிரேன் வந்தாலும் இதேதான். கிரேன் ஊன்றுகாலை விரிச்சு நிக்க இடம் இருக்கான்னும் பாருங்க.

பிரிச்சு அனுப்ப முடியுமான்னு கம்பெனியை முதல்லயே கேளுங்க. முடியாதுன்னா வேற கம்பெனி பாருங்க. அத்தனாவூர் பக்கம் இறக்கி வைக்க இடம் பேசிட்டா, அங்கிருந்து டிராக்டரோ சின்ன யானையோ கொண்டுவந்து சேத்துடும். சனி, ஞாயிறும் கோடை விழா நாளும் வேண்டாம், மலை ரோடு நிரம்பி வழியும். மழை நின்னு மண் இறுகினப்புறம் கொண்டுவாங்க.

எல்லாத்துக்கும் மேல, சந்துல இருக்கற ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க. அனுமதிக்காக மட்டும் சொல்லலை. எந்த மரம் தாழ்ந்திருக்கு, எந்தக் கல்கட்டு ஆடுது, எந்த இடத்துல மழைக்கு வண்டி புதையும்னு அவங்களுக்குத்தான் தெரியும். என்னை மாதிரி ஃபோன்ல "வரும் சார்"னு சொல்றவன் பேச்சை நம்பாதீங்க.

சாரோட அறை மூணு வாரம் கழிச்சு பலகையாவும் சட்டமாவும் வந்தது. டிராக்டர் நாலு நடை அடிச்சது. எங்க ஊர்ப் பசங்க ஆறு பேர் தூக்கினாங்க, கம்பெனி ஆள் ரெண்டு பேர் பூட்டினாங்க. மூணு நாள்ல முடிஞ்சது. சாரோட அம்மா இப்ப அங்கேதான் இருக்காங்க. சாயங்காலம் ஆனா ஆயா வீட்டுத் திண்ணைக்கு வந்துடறாங்க. போன வாரம் பலாச்சுளை உரிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க. எந்தக் கிளைப் பழம்னு நான் கேட்கலை.