குப்பையை உள்ளே விட்டவர்கள் எங்களை வாசலில் நிறுத்தினார்கள்

இளையராஜா ரசிகர்களின் பழைய மின்னஞ்சல் குழுமங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மூத்த ரசிகர்கள் ஒரே மாதிரிதான் பெருமூச்சு விடுகிறார்கள். "என்ன அருமையான இடம்! கடைசியில் ஸ்பாம் வந்து அழித்துவிட்டது." போன மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் இதே ஒப்பாரி. நாங்களும் அப்படியொரு குழுமத்தில் நான்கு வருடம் இருந்தவர்கள். அதனால் சொல்கிறோம், இது பாதி உண்மைதான். அந்தக் குழுமத்துக்குக் கதவு இருந்தது, காவலும் இருந்தது. காவல் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் இவர்கள் பேசுவதில்லை.

நாங்கள் என்றால் பொன்மலையைச் சேர்ந்த ஐந்து பேர். மூன்று பேரின் அப்பாக்கள் ரயில்வே பணிமனைத் தொழிலாளிகள். 2005 வாக்கில் கல்லூரி முடிந்து வந்து பிரவுசிங் சென்டரில் காசு பங்கு போட்டு ஒரு மணி நேரம் உட்காருவோம். ஒரு நாற்காலி, ஐந்து தலை. அந்தக் கணினியில் தமிழ் சதுரம் சதுரமாகத் தெரியும் என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். அமெரிக்காவிலும் சென்னையிலும் இருந்த உறுப்பினர்கள் பாட்டின் ராகத்தைச் சொல்வார்கள். அந்தப் பாட்டில் வருகிற தாள அடி எங்கள் தெருவில் எதற்கு அடிக்கிற அடி என்று நாங்கள் சொல்வோம். ராகப் பெயர்களை அவர்களிடம்தான் கற்றோம். அதை மறைக்க மாட்டோம்.

அப்புறம் ஒருநாள் எங்களில் ஒருவர் நீளமாக ஒரு மடல் எழுதினார். இளையராஜா இசைக்கு வந்தது சபாக்கள் வழியாக அல்ல, அண்ணன் பாவலர் வரதராஜனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித்தான் என்று தொடங்கினார். இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய பாடல்களைப் பற்றியும் இங்கே பேச வேண்டும் என்றார். கடைசியாக ஒரு கேள்வி: "அவரைப் புகழும்போது 'அங்கேயிருந்து வந்து இவ்வளவு ஞானமா' என்று எழுதுகிறீர்களே, அந்த 'அங்கே' எது?" தன்னைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை இளையராஜா விரும்புவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். அது அவர் உரிமை. நாங்கள் கேட்டது அவரைப் பற்றி அல்ல, அப்படிப் புகழ்கிறவர்களைப் பற்றி.

அந்த மடல் வெளிவரவே இல்லை. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "இசைக்கு வெளியே உள்ள விஷயம். குழுமத்தின் தூய்மை கெடக்கூடாது. இனி உங்கள் மடல்கள் பார்வையிட்ட பிறகே வெளியாகும்." எழுதியது ஒருவர். தடுக்கப்பட்டது ஐந்து பேர். நாங்கள் ஒரே ஊர் என்பது போதுமாக இருந்தது.

அதே வாரம் குழுமத்தில் என்னென்ன வந்தன தெரியுமா? நீங்கள் சேராத லாட்டரியில் விழுந்த பரிசு, முகம் தெரியாத பணக்காரர் விட்டுப்போன சொத்து, ஆண்மை மாத்திரை, வீட்டிலிருந்தே மாதம் லட்சம். எதுவும் பார்வையிடப்படவில்லை. எல்லாம் நேராக எல்லோர் பெட்டியிலும் விழுந்தன.

இது நடக்கிற விதம் ரொம்ப எளிது. குப்பை அனுப்புகிறவன் ஒரு போலிப் பெயரில் உறுப்பினராகிறான். அல்லது ஒரு உறுப்பினரின் கடவுச்சொல்லைத் திருடி அவர் பெயரில் அனுப்புகிறான். குழுமத்தின் ஒரு முகவரிக்குப் போட்டால் அது ஆயிரம் பேருக்குப் போய்விடும். அவனுக்குச் செலவே இல்லை. இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. புதிதாகச் சேருகிறவரின் முதல் சில மடல்களைப் பார்த்து விட்டால் போதும், பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். எங்களுக்குப் போட்ட பூட்டும் அதேதான். பூட்டு இருந்தது, அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. லாட்டரிக்காரன் குழுமத்தின் 'தூய்மை'யைக் கெடுப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"பாவம், ஒரே ஆள், சம்பளமில்லாத வேலை, வேலைக்குப் போய்விட்டு வந்து எவ்வளவு பார்ப்பார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தினம் உட்கார்ந்து குப்பை பொறுக்குவது களைப்பான வேலை, யாரும் நன்றி சொல்லாத வேலை. அதனால்தான் நாங்களே எழுதினோம், "நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம், முறை வைத்துச் சுத்தம் செய்கிறோம், அனுமதி கொடுங்கள்" என்று. வந்த பதில்: "அது நம்பிக்கையானவர்கள் கையில் இருக்க வேண்டியது."

இதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறோம். ஊரில் சாக்கடைக்குள் இறங்க எங்கள் ஆட்கள்தான் வேண்டும். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தும் அந்தச் சாவுகள் நிற்கவில்லை. அந்த வேலைக்கு நம்பிக்கையைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்டதில்லை. இங்கே மட்டும் ஏன் கேட்டார்கள்? இந்தச் சுத்தம் செய்யும் வேலையோடு சாவியும் சேர்ந்து வந்தது. எது குப்பை, எது பேச்சு என்று முடிவு செய்கிற அதிகாரம் வந்தது. வேலையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்கள், சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொருவராக மடல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்கள். ராகம் சொன்னவர்களும் போனார்கள். பொறுப்பாளரும் வருவதை நிறுத்தினார். இன்னொருவரிடம் சாவி இல்லை. கடைசி ஒரு வருடம் மாத்திரை விளம்பரங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டிருந்தன. ஒருநாள் அந்தப் பக்கமே திறக்கவில்லை.

இது எங்கள் ஒரு குழுமத்தின் கதை மட்டுமல்ல. 1994 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவில் இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் கொட்டினார்கள். கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை பேசுகிறவர்களுக்கும் யூஸ்நெட்டில்தான் குழு இருந்தது. கிரீன் கார்டு விளம்பரத்துக்குப் பிறகு கொட்டுவது நிற்கவே இல்லை. 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டின் புதிய பதிவுகளைக் கொடுப்பதை கூகுள் குரூப்ஸ் நிறுத்தியது. கூகுள் சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே வருகிற ஸ்பாம். யாஹூ குழுமங்களின் பழைய மடல்களை 2019 டிசம்பரில் அழிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடியது. எத்தனையோ தமிழ்க் குழுமங்களின் பேச்சு அதோடு போயிற்று.

சட்டமும் எங்கள் பொறுப்பாளர் மாதிரியேதான் நடந்துகொண்டது. அமெரிக்காவில் மின்னஞ்சல் குப்பைக்கென்று 2003இல் தனிச்சட்டம் வந்தது. இங்கே அப்படி ஒன்று இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2009இல் நடைமுறைக்கு வந்தபோது, தொல்லை தரும் மின்னஞ்சலும் அனுப்பியவரை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சலும் குற்றம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை வைத்து மாத்திரை விற்றவனைப் பிடித்தார்களா? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவரைக் கைது செய்தார்கள். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காகவும் அதற்குப் போட்ட ஒரு லைக்குக்காகவும் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. குப்பையை நிறுத்தப் போட்ட வேலி கேள்வி கேட்டவர்கள் காலைத்தான் கிழித்தது.

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறோம்? இன்றும் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இசைக் குழுக்கள் இருக்கின்றன. கிரிப்டோ விளம்பரமும் கடன் செயலி லிங்கும் தினம் விழுகின்றன. பறை பற்றி, சபாக்களில் யார் பாடுகிறார்கள் என்பது பற்றி எழுதினால் மட்டும் "இங்கே அரசியல் வேண்டாம்" என்று உடனே வருகிறது. காவல் மாறவில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ஒன்று, எந்தக் குழுவிலும் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. குறைந்தது மூன்று பேர், மூவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்கக்கூடாது. இரண்டு, எதை நிறுத்துவோம் என்பதை எழுதி வையுங்கள். நிறுத்தினால் காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மூன்று, நம் ஆட்களுக்கு: எழுதியதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பறைக் கலைஞர்களின் பதிவுகளை, பெரியவர்களின் பாட்டுகளை ஒரே குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நான்கு வீட்டில், நான்கு வட்டில் இருக்கட்டும்.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் பெயர் இன்றும் சங்கத்திடலில் ஒலிக்கிறது. வருடா வருடம் ஆயிரம் வாய்கள் சொல்வதால்தான் அது நிற்கிறது. எங்கள் ஐந்து பேரின் அந்த நீண்ட மடல் எங்களிடமே இல்லை. பிரவுசிங் சென்டரில் அடித்தோம், அனுப்பினோம், எழுந்து வந்துவிட்டோம். அது வெளியானதும் இல்லை, மிஞ்சியதும் இல்லை. எங்கள் தவறு அது ஒன்றுதான். அதை நீங்கள் செய்யாதீர்கள்.

ஜெய்பீம்.