எது கெட்ட வார்த்தை?

கதையிலும் சினிமாவிலும் கெட்ட வார்த்தை வரலாமா என்று கேட்கிறீர்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் 'கூடாது' என்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள்.

வரலாம் என்பதே என் கட்சி. 'கால் கழுவி வந்தேன்' என்று நாசூக்காகச் சொல்வது இடக்கரடக்கல். நாலு பேர் முன்னால் பேசும் நமக்கு அது மரியாதை. ஆனால் கதையில் பேசுவது பாத்திரம். சாராயக் கடையில் அடிவாங்கியவன் நன்னூல் படித்தவன் மாதிரிப் பேசினால் அதுதான் பொய். கி.ரா. 'மறைவாய் சொன்ன கதைகள்' கொண்டுவந்தார். தமிழ் கெட்டா போயிற்று?

என் கோபம் வேறு. உடலுறுப்பைச் சொன்னால் 'பீப்' போடுகிறோம். 'சண்டாளா' என்றால் காதில் உறுத்துவதே இல்லை. அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். 2024-இல் ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் அந்தச் சொல் வேண்டாம் என்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. வீட்டுப்பாடம் எழுதாத பையன்களை எத்தனை முறை அப்படித் திட்டியிருக்கிறேன்! 'கெட்ட வார்த்தையே பேசாத வாத்தியார்' என்று பெயர் வேறு.

'பாத்திரம் அதையும் சொல்லுமே?' சொல்லட்டும். சாதித் திமிரைக் காட்டச் சொன்னால் வாசகனுக்கு வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். சிரிப்பு மூட்டச் சொன்னால் திட்டுவது பாத்திரம் அல்ல, எழுதியவர்.

எழுதுகிற பிள்ளைகளே, ஆபாசம் என்பார்களோ என்று அஞ்சாதீர்கள். அந்தச் சொல் யார் தலையில் போய் விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.